மாமாவுக்கு ஒரு கையெழுத்து

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை, கண் பரிசோதனைக்கு நீளம் போதாத அறை. ஆதலால் எழுத்துப் பலகையை நாற்காலிக்குப் பின்னால், உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே மாட்டி, எதிர்ச்சுவரில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடியைப் பதித்திருந்தார்கள். வருபவர் அந்தக் கண்ணாடிக்குள் தெரியும் பலகையைப் பார்த்து வாசிக்க வேண்டும். பலகையின் எழுத்துகள் இடவலம் மாறி அச்சிடப்பட்டவை. கண்ணாடிக்குள் விழுந்ததும் நேராகிவிடும். புதிதாக வருபவர்கள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, எழுத்தெல்லாம் கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நிக்குது" என்று கேட்பது வழக்கம்.

அன்று காலை, கடை திறப்பதற்கு முன்னரே, அந்த நாற்காலியில், அங்கே கண் பரிசோதிக்கும் பெண்ணின் மாமனார் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். வயது ஏறிய ஓட்டுநர்கள் ஆண்டுதோறும் கண் நன்றாக இருக்கிறதென்று சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்பது பள்ளியின் விதி. சென்ற ஆண்டுவரை வேறோர் இடத்தில் வாங்கிவந்தார். இவ்வாண்டு மருமகளே தேர்ச்சிபெற்ற கண் பரிசோதகராகிவிட்டாள். "வீட்டுக்குள்ளயே கெணறு இருக்கும்போது வெளிய எதுக்குக் குடத்தைத் தூக்கிட்டுப் போறது" என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டார். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது; அதற்குள் கையெழுத்து வேண்டும்.

அவள் விளக்கைப் போட்டாள். "நடுவுல இருக்கிற வரியிலிருந்து படிங்க மாமா."

கண்ணாடிக்குள் தெரிந்த வரி: ர, ப, ட, ம, ல.

"ல, ம, ட, ப, ர" என்றார் அவர், மழலைப் பள்ளியில் பாட்டு ஒப்பிக்கும் பிள்ளையைப் போல, மூச்சு விடாமல்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "அடுத்த வரி."

அடுத்த வரியும் கடைசியிலிருந்து முதலுக்கு வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. ஓர் எழுத்துகூட விடுபடவில்லை. வரிசை மட்டும் தலைகீழ்.

அப்போது அவளுக்குச் சிரிப்பு அடங்கிற்று. மாலைதோறும் அவளை அழைத்துப்போக வரும்போது, "நீ கடையைப் பூட்டு, நான் உள்ள உக்காந்திருக்கேன்" என்று அவர் இந்த அறைக்குள் வந்துவிடுவார். சுவரண்டை போய் மூக்கு உரசுமளவு நின்று, பலகையை நெட்டுருப் போட்டிருக்கிறார். சுவரில் இருப்பதை இடமிருந்து வலமாகக் கற்றவருக்கு, கண்ணாடிக்குள் அது வலமிருந்து இடமாகிவிடும் என்பது தோன்றவில்லை. கண்ணாடிக்குள் இருப்பது சிறிதேனும் தெரிந்திருந்தால் தோன்றியிருக்கும்.

"எப்படி?" என்றார் அவர், பெருமையாக.

"மின்னல் மாதிரி மாமா."

சிறிய விளக்குக் கருவியை எடுத்து அவர் கண்ணருகே குனிந்தாள்.

"உள்ள என்ன பாக்குற? மூளை தெரியுதா?"

"இருந்தாத்தானே மாமா தெரியும்."

அவர் குலுங்கிச் சிரித்தார். "ஆடாம இருங்க" என்று தாடையைப் பிடித்துக்கொண்டாள். விழித்திரையின் நடுப்பகுதி, ஈரம் பட்டு உரிந்த சுவர்ச் சுண்ணாம்பு போல இருந்தது. இரண்டு கண்ணிலும். கண்ணாடி போட்டுச் சரிசெய்யக்கூடிய குறையன்று அது. இழந்த நடுப்பார்வையை மீட்டுத் தரும் மருந்தும் இல்லை. ஓரப்பார்வை இருக்கும். நேரே இருப்பதுதான் நாளுக்கு நாள் மறையும்.

"என்னம்மா, போட்டுடலாமா கையெழுத்து?"

"கடை முத்திரை ஓனர்கிட்ட இருக்கு மாமா. ஞாயித்துக்கிழமை வீட்டுல வச்சுத் தர்றேன்."

முத்திரை அவள் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. தொழிலில் அவள் சொன்ன முதற்பொய்யை மாமனாரிடமே சொல்லும்படி நேர்ந்தது.

அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது படிப்பைப் பாதியில் விட்டிருந்தாள். விட்ட படிப்பை யாரும் விசாரிக்கவில்லை. மாமனார் ஒருவர்தாம் விசாரித்தார். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வெறும் வேனில் அவளை ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போவார். பின்னிருக்கையில் அமர்ந்து அவள் உரக்கப் படிக்கும் பாடங்களைக் கேட்டுக் கேட்டு, கருவிழி, கண்மணி, விழித்திரை என்று அவரும் பாதி டாக்டராகியிருந்தார். கணவன் கப்பலில் வேலைபார்ப்பவன். ஆண்டில் பெரும்பகுதி கடலோடு போய்விடும். மாமியார் இறந்த பிறகு அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி நிறுத்தியது அந்த வேன்தான். இப்போது அதிலிருந்து அவரை இறக்கிவிடும் அதிகாரம் அவள் கைக்கு வந்திருந்தது. அந்த அதிகாரம் வந்த வழியும் அந்த வேன்தான்.

ஞாயிறு முற்பகல் நாத்தனார் வந்தாள். கல்லூரியில் அறவியல் கற்பிக்கும் விரிவுரையாளர். மாணவர்கள் அவளைக் கண்டு எழுந்து நிற்பார்களாம். வீட்டில் அவளுக்கு இன்றும் குட்டி என்றே பெயர்.

மாமனார் கீழே தெருவில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். வாளி வைக்கும் ஓசை மேலே கேட்டது. இருவரும் மொட்டைமாடிக் கொடியிலிருந்து எடுத்துவந்த துணிகளைக் கூடத்தில் மடிக்கத் தொடங்கினார்கள். படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை இவளும், எதிர்முனைகளைக் குட்டியும் பிடித்துக்கொண்டார்கள்.

"குட்டி, ஒரு சந்தேகம். கடைக்கு ஒருத்தர் வந்தாரு."

"கேஸா? குடுங்க அண்ணி. லீவுல பாடம் நடத்தாம கையெல்லாம் அரிக்குது."

"ஒரு டிரைவர். ஜனங்களை ஏத்திட்டுப் போறவர். பார்வை போயிட்டே இருக்கு. பலகையை மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிச்சாரு. சான்றிதழ் கேக்குறாரு. வண்டி இல்லன்னா மனுஷன் ஒடிஞ்சுபோயிடுவாரு."

"மனப்பாடமா? பாவம், அழகான ஆளா இருப்பாரு போல." குட்டி விரிப்பை உதறினாள். "சரி, முதல்ல கடமை நெறி. உங்க கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? இவருக்குக் கண் தெரியும்னு. தெரியாதுன்னு தெரிஞ்சே போட்டா பொய். எல்லாக் கண் டாக்டரும் பாவம் பாத்துப் போட ஆரம்பிச்சா, அப்புறம் அந்தச் சான்றிதழைச் சுருட்டிக் காது குடையத்தான் ஆகும். அதனால போடக்கூடாது. மடிங்க."

இருவரும் நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள். மீண்டும் விலகிப்போய்ப் பிடித்தார்கள்.

"அடுத்தது பயன் நெறி. தராசு. ஒரு தட்டுல அவரோட சந்தோஷம். இன்னொண்ணுல வண்டியில இருக்கிறவங்க, ரோட்டுல போறவங்க, அவங்களுக்காக வீட்டுல காத்திருக்கிறவங்க. எது கனம்?"

"இதுவரைக்கும் அவர் வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்லையே."

"விழற வரைக்கும் எல்லாச் சுவரும் விழாத சுவர்தான் அண்ணி. மடிங்க."

விரிப்பு கால்பங்காயிற்று.

"மூணாவது பண்பு நெறி. என்ன செய்யணும்னு அது கேக்காது; நீ எப்படிப்பட்ட ஆளா இருக்கணும்னு கேக்கும். நேர்மை, தைரியம், இரக்கம் எல்லாம் உள்ள ஒருத்தி உங்க நாற்காலியில இருந்தா என்ன செய்வா?"

"இரக்கம் உள்ளவ போட்டுடுவா."

"இரக்கம் மட்டும் இருந்தா போடுவா. தைரியமும் கூட இருந்தா மாட்டா." குட்டி திருப்தியோடு சிரித்தாள். "பாத்தீங்களா, மூணும் ஒரே பதில். இது ரொம்ப ஈஸி அண்ணி, பரீட்சையில வைக்கக்கூட லாயக்கில்ல. மூணும் மூணு பக்கம் இழுத்தாத்தான் பசங்க திணறுவாங்க. ஆமா, அந்த மனுஷனுக்கு வீட்டுல யாரும் இல்லையா?"

அவள் விரிப்பின் முனைகளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "இருக்காங்க. மகன் கப்பல்ல இருக்கான். மருமக கண்ணாடிக் கடையில வேலை பாக்குறா. மக காலேஜ்ல அறவியல் சொல்லிக்குடுக்குறா."

கீழே வாளியில் துணியைப் பிழியும் ஓசை கேட்டது. குட்டி ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு விரிப்பைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். எதிர்முனை அவள் கையிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது.

"எவ்வளவு மோசம்?"

"நடுப்பார்வை ரெண்டு கண்ணுலயும் போயிட்டிருக்கு. திரும்ப வராது."

குட்டி சோபாவில் உட்கார்ந்தாள். வகுப்பில் ஒருபோதும் பேசாத குரலில் பேசினாள். "போட்டுடுங்க அண்ணி."

"குட்டி."

"அந்த ரோட்டுல எந்தக் குழி எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும். மெதுவாத்தான் ஓட்டுவாரு. ஒரு வருஷம். அதுக்குள்ள நாம பேசிப் பேசி..."

"இது எந்த நெறி?"

"ஒரு நெறியும் இல்ல. எங்கப்பா." சொல்லிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "ஊருக்குத்தான் உபதேசம்னு சிரிங்க, பரவால்ல."

அவள் சிரிக்கவில்லை. அருகில் உட்கார்ந்து குட்டியின் முழங்காலில் கைவைத்தாள். இரண்டு நாளாகத் தானும் அதே சொற்களைத்தான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அவற்றுக்கு வலுவில்லை என்பது தெரிந்தது.

"நாலாவதா ஒண்ணு இருக்கு" என்றாள் குட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பரிவு நெறி. விதியையும் தராசையும் ஓரமா வச்சுட்டு, யார் உன்னை நம்பி இருக்காங்கன்னு பாக்கச் சொல்லும். அதுல அப்பாதான் முதல்ல வருவாரு."

"வேன்ல ஏறுற பிள்ளைங்களும் என்னை நம்பித்தானே ஏறுதுங்க? அதுங்களுக்கு என்னைத் தெரியாது, அவ்வளவுதான்."

"அதுலதான் அந்த நெறிக்காரங்களே இன்னும் அடிச்சுக்குறாங்க." குட்டி கண்ணைத் துடைத்தாள். கீழே கிடந்த விரிப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி பேசியபோது குரல் சற்று நிமிர்ந்திருந்தது. "அண்ணி, நாம செஞ்சது ஒண்ணு தப்பு. போடலாமா வேணாமான்னே பேசிட்டிருக்கோம், அவர் என்னமோ மேசை நாற்காலி மாதிரி. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவேயில்லையே. உங்களுக்குத் தெரியும்ங்கிறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. முத்திரை இல்லன்னு பொய் சொல்லி வச்சிருக்கேன்."

"நானும் வரட்டுமா?"

"வேணாம். மக முன்னாடி தோக்குறதுக்கு அவருக்குக் கஷ்டமா இருக்கும்."

அவள் படியிறங்கிப் போனாள். மாமனார் வேனுக்குள் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவரும் வந்து தம்முடைய இடத்தில் அமர்ந்து, பழக்கத்தால் ஸ்டீயரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"முத்திரை வந்துருச்சா?"

"முத்திரை எப்பவும் என்கிட்டதான் இருக்கு மாமா."

அவர் கைகள் ஸ்டீயரிங்கிலிருந்து மடிக்கு இறங்கின.

"நீங்க எழுத்தையெல்லாம் பின்னாலிருந்து படிச்சீங்க. சுவத்துல பாத்துப் படிச்சா அப்படித்தான் வரும். கண்ணாடியில அது மாறிடும்."

அவர் இதை எண்ணிப் பார்க்கச் சிறிது நேரமாயிற்று. பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "அட முட்டாளே" என்று தம்மையே வைதுகொண்டார். "ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு ஒப்பிச்சுப் பாத்தேன் தெரியுமா? உன் பரீட்சைக்குக்கூட நீ அவ்வளவு படிச்சிருக்க மாட்ட."

"எப்பயிலிருந்து மாமா?"

"மழைக்கு முன்னாடியிலிருந்து." அவர் முகம் அவள் பக்கம் திரும்பிற்று, ஆனால் பார்வை அவளைத் தாண்டிக் கதவின்மேல் விழுந்தது. கோபம் போலும் என்று அவள் எண்ணினாள். அவரோ, "உன்னை நேரா பாத்தா மூக்கு இருக்கிற எடத்துல ஒரு கறை. காதோரமா பாத்தாத்தான் முகம் கொஞ்சம் வருது. நீ என்னைக்காவது கேப்ப, ஏன் மாமா எங்கயோ பாக்குறீங்கன்னு. கேக்கவேயில்ல" என்றார்.

ஊரார் கண்ணையெல்லாம் உற்றுப் பார்ப்பவள், ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைப் பார்க்கத் தவறியிருந்தாள். "மன்னிச்சுக்குங்க மாமா" என்றாள்.

"நீ என்ன பண்ணுவ. நான்தான் மறைச்சேன்." அவர் ஸ்டீயரிங்கைத் தடவினார். "லீவு விடற அன்னைக்கு ஒரு சின்னது வண்டிக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்திருக்கு. எனக்குத் தெரியல. கியரைப் போட்டுட்டேன். அது எதுக்கோ சிரிச்சுது, அந்தச் சத்தத்துல பிரேக்கை மிதிச்சேன். இல்லன்னா..."

 தாமே சொல்லிவிட்டார், இனித் தாமே ஓட்டுவதை விட்டுவிடுவார் என்று அவள் நினைத்தாள். ஆனால் மனித மனம் அவ்வளவு நேரான பாதையில் போவதில்லை. அவர் குரல் தாழ்ந்தது.

"இருந்தாலும் கேக்குறேன்மா. உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இந்த ஒரு வருஷம். முன்னாடி பாத்துச் சொல்ல ஒரு ஆளை வச்சுக்குறேன். மெதுவாப் போறேன். போட்டுக் குடு."

குட்டி சொன்ன நெறிகளெல்லாம் அவள் நெஞ்சுக்குள் இருந்தன. மூன்றும் 'வேண்டாம்' என்றன, நான்காவது திணறியது. ஆனால் 'வேண்டாம்' என்பதை இந்த முகத்தைப் பார்த்து எந்தக் குரலில் சொல்வது என்று அவற்றுள் ஒன்றும் கற்றுத்தரவில்லை. பின்னிருக்கையில் ஈரத்துணி மணம் வீசிற்று. அங்கே அமர்ந்துதான் அவள் விழித்திரையின் பகுதிகளை மனப்பாடம் செய்தாள்.

"மாட்டேன் மாமா" என்றாள். தன் குரல் நடுங்குவதை மறைக்கவில்லை. "நீங்க எவ்வளவு தடவை கேட்டாலும் மாட்டேன். என்மேல கோவப்படுங்க. எவ்வளவு நாள் வேணும்னாலும் கோவப்படுங்க, நான் இங்கேயேதான் இருப்பேன். ஆனா போட மாட்டேன்."

அவர் வேனின் முன்கண்ணாடிக்கு வெளியே பார்த்தார், அல்லது பார்ப்பது போல் இருந்தார். பிறகு சாவியை உருவினார்.

"எறங்கு. வண்டியைப் பூட்டணும்."

சாப்பிடும்போது அவர் அவளிடம் பேசவில்லை. "உங்க அண்ணிகிட்ட உப்பு பத்தலன்னு சொல்லு" என்று குட்டியிடம் சொன்னார். அண்ணி கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, உப்பு பத்தலையாம்" என்று குட்டி ஒழுங்காக அஞ்சல் செய்தாள். "உங்க அப்பாகிட்ட சொல்லு, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காருன்னு." "அப்பா, டாக்டர்..." "காது கேக்குது எனக்கு" என்றார் அவர். "கண்ணுதான் போச்சு."

அந்த ஒரு சொல்லை அவர் வாய்விட்டுச் சொன்னதும் மூவரும் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தார்கள். குட்டி எழுந்து அப்பாவின் பின்னால் போய், அவர் தலைமேல் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். "எச்சக்கையோட நிக்காத" என்றார் அவர். ஆனால் தலையை விலக்கிக்கொள்ளவில்லை.

மாலையில் குட்டி புறப்பட்டுப் போன பிறகு, அவர் தம் அறையில் தொலைபேசியில் பேசுவது கேட்டது. "ஆமாங்க, நான்தான். கண்ணு சரியில்ல. இல்ல, கொஞ்ச நாளைக்கு இல்ல. நாளைக்கே வேற ஆளை அனுப்பிடுங்க. இல்லங்க, யாரும் சொல்லல. நானேதான் சொல்றேன்."

அவள் சமையலறையில் கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றாள். அந்தக் கடைசி வாக்கியம் அவருக்கு உரியது. அதை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்காதவள் போல் இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை புதிய ஓட்டுநர் வந்தார். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்று சாவியைக் கொடுத்தார். வேன் தெருமுனையில் திரும்பி மறையும்வரை நின்றார். ஓசை அடங்கிய பின்னும் நின்றார். அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கடைக்கு நடந்துபோக வேண்டும்.

"மாமா, கடைவரைக்கும் வர்றீங்களா? தனியா நடந்து பழக்கமில்ல எனக்கு."

அவர் உள்ளே போனார். கோபம் இன்னும் தணியவில்லை என்று எண்ணி அவள் படியில் இறங்கினாள். பின்னால் செருப்பு ஓசை கேட்டது.

தெரு முழுவதும் அவர் அவளுக்கு ஓரடி முன்னாலேயே, முறுக்காக நடந்தார். அவளும் எட்டிப் பிடிக்க முயலவில்லை. பால்காரர் கடையைக் கடந்தார்கள். தையற்காரர், "என்ன சார், நடராஜா சர்வீஸா இன்னைக்கு?" என்றதற்கு, "தொப்பையைக் கரைக்கச் சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். பெரிய சாலை வந்தது. அவர் ஓரத்தில் நின்றுவிட்டார். வண்டிகளின் இரைச்சல் ஒருமுறை எழுந்து அடங்கிற்று. அவர் தலையைச் சாய்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அப்படியும் காலை எடுத்துவைக்கவில்லை.

அவள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். தானாக எதையும் சொல்லவில்லை, கையை நீட்டவுமில்லை.

"வண்டி வருதா?" என்றார் அவர், முன்னாலேயே பார்த்தபடி.

அவள் இருபுறமும் நன்றாகப் பார்த்தாள். "ஒரு பஸ் வருது மாமா. போகட்டும்."

பேருந்து கடந்தது.

"இப்ப?"

"இப்ப எதுவும் வரல மாமா."

அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "கையெழுத்துப் போட மாட்டேன்னவளை நம்பித்தான் இனிமே ரோட்டைத் தாண்டணும் போல" என்று முணுமுணுத்தார்.

"கொஞ்சம் எட்டி நடங்க மாமா. சிக்னல் மாறப்போகுது."

இருவரும் சாலையில் இறங்கினார்கள்.